சூசை வாத்தியார் வீட்டு நியூட்ரல்

1. திரையில் ஒரு சிவப்பு வரி

ஸ்மார்ட் மீட்டர் வந்த புதிதில் எங்கள் செக்ஷன் ஆபீஸில் என்னைப் போல ஆடியவன் வேறு யாருமில்லை. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று வேலைக் காலம் முழுக்க மின்சாரத் திருட்டைத் தேடி அலைந்தவன் நான். கொக்கி போட்டவனைப் பிடிக்க மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். இப்போது மீட்டரே கம்ப்யூட்டருக்குத் தகவல் சொல்கிறது. தி.நகரில் ஒரு கல்யாண மண்டபம் மீட்டருக்கு முன்னாலேயே ஒயர் எடுத்து ஏ.சி. ஓட்டியதை நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் கண்டுபிடித்தேன். அடையாறில் ஓர் அடுக்குமாடியில் தொட்டி நிரம்பி வழிந்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்ததைக் காட்டிக்கொடுத்ததும் இதே மீட்டர்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீட்டர்மேல் பழி போடுகிறான் கிழவன் என்பீர்கள்.

ஒருநாள் காலை திரையில் ஒரு வீட்டின் பெயர் சிவப்பில் வந்தது. மயிலாப்பூரில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு சந்து. பேஸ் கரண்ட் குறைவு, நியூட்ரல் கரண்ட் அதிகம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டுக்குள் பேஸ் ஒயர் வழியாகப் போகும் கரண்ட் அவ்வளவும் நியூட்ரல் ஒயர் வழியாகத் திரும்பி வர வேண்டும். போனது கொஞ்சம், வந்தது நிறைய என்றால், மீட்டருக்குத் தெரியாமல் வேறு வழியில் கரண்ட் உள்ளே போகிறது என்று அர்த்தம். பைபாஸ் என்போம். திருட்டில் பழைய வழி அது.

வீட்டுக்காரர் பெயர் சூசை. கோயில் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு தனியாக இருந்தார். ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் படிப்பவர் அவர்தான். அந்தச் சந்தில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கிப் படித்தவர்கள்.

2. சந்தில் நின்று நான் சொன்னது

பத்து மணிக்குப் போய் நின்றேன். மீட்டர் வெளிச்சுவரில், சந்தைப் பார்த்து இருந்தது. பக்கத்து வாசலில் செல்வியின் மாவுக்கடை. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, மாவு வாங்க நாலைந்து பேர் தூக்குவாளியோடு நின்றார்கள்.

வாத்தியார் பனியனோடு வெளியே வந்தவர், உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "உட்காருங்க சார். மோர் குடிக்கிறீங்களா?"

வேண்டாம் என்றேன். டாங் டெஸ்டரை எடுத்து நியூட்ரலில் கவ்வ விட்டேன். ஒயரை அறுக்காமலே அதில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று காட்டும் கருவி அது. எண் நன்றாகவே ஏறியது.

"வீட்டுல ஒரு ஃபேன்தான் சார் ஓடுது. மெயினையே நிறுத்திடறேன், நீங்களே பாருங்க" என்று அவரே போய் நிறுத்தினார். எண் கொஞ்சம்தான் இறங்கியது.

எனக்கு வந்ததே ஒரு திமிர். "மெயினை நிறுத்தியும் கரண்ட் ஓடுதே வாத்தியாரே. பிள்ளைங்களுக்கு இதைத்தான் சொல்லிக் குடுத்தீங்களா?" என்றேன். என் குரல் சாதாரணமாகவே பெரிது. அன்றைக்கு வேண்டுமென்றே இன்னும் பெரிதாக வைத்தேன். தூக்குவாளிக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் முகம் சுண்டிவிட்டது. "நான் எடுக்கல சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

போஸ்டிலிருந்து வரும் சர்வீஸ் ஒயரில், பேஸ் பக்கம் ஒரே ஒரு முறை டெஸ்டரைப் போட்டிருக்க வேண்டும். அவர் திருடியிருந்தால் அங்கே கரண்ட் காட்டும். இல்லையென்றால் காட்டாது. ஒரு நிமிஷ வேலை. அதற்கு ஏணி வேண்டும். ஏணி வேறு ஆட்களோடு தேனாம்பேட்டைப் பக்கம் போயிருந்தது. ஏணி வரட்டும் என்று காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. பைபாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

3. தாஸ் கட்டிய முடிச்சு

துண்டிக்க உத்தரவு வர நாலு நாள் ஆனது. முன்பெல்லாம் வீட்டுக்குப் போய், குரல் கொடுத்து, ஃபியூஸைப் பிடுங்க வேண்டும். இப்போது ஆபீஸில் இருந்தபடியே ஒரு பட்டன். பேஸ், நியூட்ரல் இரண்டையும் மீட்டரே துண்டித்துவிடும். அழுத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் போன். மாவுக்கடை செல்வி. "இன்னா சார், எங்க வூட்ல கரண்டு பூட்ச்சு. மாவு பாதில நிக்குது. நான் இன்னா பாவம் பண்ணேன்?"

அவள் வீட்டில் இன்னும் பழைய மீட்டர்தான். அதை நான் தொடவே இல்லை. லைன்மேன் தாஸைக் கூட்டிக்கொண்டு ஏணியோடு போனேன். தாஸ் மேலே ஏறினான், இரண்டு வீட்டு ஒயரையும் பார்த்தான், அப்படியே நின்றுவிட்டான். இறங்கி வந்து என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"சார், இது நான் கட்னது. புயல் அன்னிக்கு செல்வி வூட்டு நியூட்ரல் அறுந்து பூட்ச்சு. கைல ஒயரு இல்ல. மீட்டர் தாண்டி வர்ற வாத்தியார் வூட்டு நியூட்ரல்லேர்ந்து எடுத்துக் கட்டிட்டேன். நாளைக்கு வந்து சரி பண்ணிடறேன்னு அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் கட்னேன். 'பக்கத்து வீடு இருட்டா இருக்கு, எடுத்துக்கோப்பா'ன்னாரு. அதுனாலதான் இதுன்னு அவருக்கு எங்க தெரியும்?"

அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. தாஸை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. புயலுக்கு அப்புறம் எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வது அது. "இப்போதைக்குப் பக்கத்து வீட்டில் கட்டிவிட்டு வா" என்று நானே எத்தனை பேரை அனுப்பியிருக்கிறேன். செல்வியின் கிரைண்டர் கரண்ட் திரும்பிப் போகும்போது வாத்தியார் மீட்டர் வழியாகப் போயிருக்கிறது. புது மீட்டர் பேஸ், நியூட்ரல் இரண்டில் எது அதிகமோ அதைத்தான் எண்ணும். ஆக, அவள் அரைத்த மாவுக்கு அவர் கணக்கில் யூனிட் ஏறியிருக்கிறது. பறிகொடுத்தவரைப் பார்த்துத் திருடன் என்றிருக்கிறேன்.

தாஸ் புது ஒயர் இழுத்து முடிச்சைப் பிரித்தான். வாத்தியார் வீட்டுக்கும் இணைப்பு வந்தது. செல்வி வெளியே வந்து, "இன்னா சார் ஆச்சு?" என்றாள்.

"லைன்ல சின்னக் கோளாறும்மா" என்றேன்.

தாஸைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று ரொம்ப நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். காப்பாற்றியது என் முகத்தை.

4. கடிதம்

குற்றச்சாட்டை ரத்து செய்து, கூடுதலாக ஏறிய யூனிட்டைக் கழித்து ஒரு கடிதம் தயாரானது. நானே கொண்டுபோனேன். வாத்தியார் கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார். மடித்து என்னிடமே நீட்டினார்.

"கடிதாசி எனக்கு எதுக்கு சார்? நான் எடுக்கலைன்னு எனக்குத்தான் தெரியுமே. தெருவுல நின்னு சொன்னீங்க. அதே தெருவுல நின்னு, தப்பா சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. போதும்."

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. செல்வி கடை வாசலில் அப்போதும் ஆட்கள் நின்றார்கள். பத்தடி நடந்தால் போதும். நான் நடக்கவில்லை. "ஆபீஸ்ல கேட்டுட்டு வந்துடறேன் சார்" என்று கடிதத்தை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

மேலதிகாரியிடம் கேட்டேன். "லெட்டர் குடுத்தாச்சுல்ல, விடுங்க. நடுத்தெருவுல நின்னு தப்பு நம்மளுதுன்னு சொன்னா, நாளைக்கு ஒருத்தன் மீட்டர் மாட்ட விடுவானா?" என்றார். அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் நானும் கேட்டேன்.

தாஸும் அதே கோயில்காரன். ஒருநாள் சொன்னான்: "வாத்தியாரு இப்பல்லாம் வாசகம் படிக்கிறது இல்ல சார். கடைசி பெஞ்சுல குந்திக்கினு பூட்றாரு. கோயில் சாமியாரே கூப்ட்டும் வரல. திருடன் வாயில வேதம் எதுக்குன்னு எவனோ கேட்டுக்கீறான்."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்குப் போகலாம் என்று நினைத்தேன். தாஸ் சொன்ன அதே 'நாளைக்கு'. நான் ஓய்வு பெற்ற பிறகும் அது தள்ளிக்கொண்டே போனது. மழைக்காலம் முடிகிற சமயம் தாஸ் போன் செய்து, வாத்தியார் போய்விட்டார் என்றான்.

போனேன். சந்து நிறைய நாற்காலி. பெட்டியை வாசலில் வைத்து ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்: "தங்கமான மனுசன்க்கா. அந்தக் கரண்டு விசயம் ஒண்ணுதான். இன்னாத்துக்கு அப்புடி பண்ணாரோ."

ஜெபம் முடிந்ததும் எழுந்து போனேன். "அம்மா, அவர் எதையும் எடுக்கல. உங்க வீட்டு கரண்டுதான் அவர் ஒயர்ல ஓடிச்சு. தப்பு பண்ணது நான்" என்றேன். அன்றைக்குப் பேசிய அதே சத்தத்தில்தான் பேசினேன். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

செல்வி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நல்ல மனசு சார் உங்களுக்கு. செத்தவரைப் பத்தி நாலு வார்த்தை நல்லதா சொல்லணும்னு இவ்ளோ தூரம் வந்துக்கிறீங்க பாரு."

இல்லம்மா, நிஜமாகவே என்று ஆரம்பித்தேன். பக்கத்துப் பெண் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க சார், வெயில்ல வந்துகீறீங்க" என்றாள்.

புதிதாக வேலைக்கு வரும் தம்பிகளுக்கு: சிவப்பு வரி வந்தால் ஏணி வரும்வரை காத்திருங்கள், சர்வீஸ் ஒயரின் பேஸைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இது சுலபமான பாடம். தப்பாகச் சொல்லிவிட்டால் அன்றைக்கே அதே தெருவுக்குப் போய், அந்த மனிதர் காதில் விழும்படி சொல்லிவிடுங்கள். அவர் போன பிறகு உண்மையையே சொன்னாலும் உபசாரத்துக்குச் சொல்கிறான் என்றுதான் ஊர் எடுத்துக்கொள்ளும்.