வாழைக்காய் மீன்

"...வேற என்னலே, மீனுதான். சூடு ஆறதுக்குள்ள தின்னு."

இன்று யார் வீட்டிலோ தேங்காய் அரைத்த மீன்குழம்பு கொதிக்கும் வாசனை வந்ததும், அன்று தம்பியிடம் அப்பா சொன்ன இதுதான் காதில் விழுந்தது. அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்று ஒரே முற்றத்து ஆறு வீடும் மூக்காலேயே கண்டுபிடித்துக்கொண்ட எங்கள் பாளையங்கோட்டை வளவு இப்போது செல்போன் கடை. அப்பா அதைச் சொன்னது, அவர் வேலைபார்த்த மில் மூடிக் கிடந்த வருடம். காய்ச்சல் விட்டும் தம்பி, மீன் இருந்தால்தான் சோறு என்று வாயையே திறக்கவில்லை. மீனுக்கு வழியில்லாத அம்மா, வாழைக்காயைத் துண்டம் துண்டமாகச் சரித்து நறுக்கி, மீனுக்கு அரைப்பதையெல்லாம் அரைத்துக் கொதிக்கவைத்தாள்.

தம்பி ஒரு துண்டத்தைப் பிட்டு மோந்து பார்த்தான். "முள்ளே இல்லியப்பா. இது வாழைக்காயில்லா?"

கரண்டியோடு அம்மா அப்படியே நின்றாள். அப்பா ஒரு துண்டத்தை வாயில் போட்டு மென்று, நாக்கு நுனியிலிருந்து இல்லாத முள் ஒன்றை இரண்டு விரலால் எடுத்து, சோற்று வட்டிலின் ஓரத்தில் பத்திரமாக வைத்தார்.