காய்ச்சல் விட்டவர்கள்

என் மாமனார் செய்தி சொல்ல எழுந்து நின்றால் முதலில் செருப்பைக் கழற்றிவிடுவார். ஃப்ரேஸர் டவுனில் எங்கள் தெருவும் அடுத்த தெருவும் சேரும் முனையில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அதன் அடியில்தான் கூட்டம். தலைப்பாகை, கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டு, கீழே வெறுங்கால் என்று அவர் நிற்பார். இதென்ன கோயிலா என்று யாரோ கேலியாகக் கேட்டதற்கு, "நாலு பேரோட நல்லது கெட்டது பேசற எடம். கால்ல தோல் எதுக்கு?" என்றார். கையில் காகிதம் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டார். வாரம் முழுக்கக் காதில் விழுந்ததையெல்லாம் மனசிலிருந்தே சொல்வார். செவ்வாய்க்கிழமை குழாயில் தண்ணீர் வராது என்பார். ரங்கூனிலிருந்து இன்னார் வந்திருக்கிறார் என்பார். காணாமல் போன பசு ஒன்றைப் பற்றிச் சொல்லும்போது, பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்ணை வர்ணிப்பதுபோல அதன் நிறத்தையும் நடையையும் குணத்தையும் வர்ணிப்பார். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அவர் ராணுவப் பண்டகசாலையில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்கு முன்பு, பிளேக் வந்த காலத்தில், ஹலசூரில் ஒரு சந்தில் குடியிருந்தார். அங்கே பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியே இருந்ததாம். ஊருக்குப் போயிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்களாம். அவர்கள் ஊருக்குப் போயிருக்கவில்லை. இதற்கு மேல் அந்தக் கதையை அவர் என்னிடம் சொன்னதில்லை. அகலமான தெருக்களும் இருபுறமும் மரக்கன்றுகளுமாகப் புதுப் பேட்டைகள் உருவானபோது இங்கே மனை வாங்கி வீடு கட்டினார். காற்றும் வெளிச்சமும் இருந்தன. ஆனால் ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் காம்பவுண்டு சுவர், தோட்டம். ஒரு வீட்டில் கூப்பிட்டால் அடுத்த வீட்டில் கேட்காது. "பக்கத்துல யார் இருக்காங்க, எப்படி இருக்காங்கன்னு தெரியாம இது என்ன ஊரு?" என்று சொல்லித்தான் சங்கத்தை ஆரம்பித்தார். சங்கம் என்றால் அந்த மரமும், அதன் பக்கத்தில் ஓடு வேய்ந்த ஒரு கொட்டகையும், அவரும்தான்.

நான் ஆரணிக்காரன். கண்டோன்மென்டில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்து வந்தவன். அவருடைய ஒரே பெண் மரகதத்தை எனக்குக் கொடுத்தார். இரண்டு தெரு தள்ளி எங்கள் குடித்தனம். தலைப்பிரசவத்துக்கு அவள் தாய்வீடு போனாள். நடந்து போகிற தூரத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் பெட்டி படுக்கையெல்லாம் கட்டிக்கொண்டு ஜட்கா வண்டியில் போனதை எண்ணி அவளுக்கே சிரிப்பு வந்தது. பெண் குழந்தை பிறந்தது. எங்கள் வழக்கப்படி முதல் பெண்ணுக்கு என் அம்மாவின் பெயரை வைக்க வேண்டும். அம்மா ஆரணியிலிருந்து வர வேண்டியிருந்தது. அதற்குள் ஊரில் காய்ச்சல் வந்துவிட்டது. நானும் மாமனார் வீட்டிலேயே வந்து தங்கிவிட்டேன்.

முதல் யுத்தம் முடிகிற சமயம் அது. பம்பாய்க் காய்ச்சல் என்றார்கள், விஷக்காய்ச்சல் என்றார்கள். காலையில் மார்க்கெட்டுக்குப் போனவன் மறுநாள் இல்லை. கடைகள் அடைத்துவிட்டன. பால்காரர் வரவில்லை. எங்கள் பக்கத்துத் தோட்ட வீடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஜன்னல்களைச் சாத்தினார்கள். மரங்களிலிருந்து உதிர்ந்த இலையைக் கூட்ட ஆளில்லாமல் தெருவெல்லாம் பழுப்பாகக் கிடந்தது.

மாமனார் ஒரு பகல் முழுக்க நடையாய் நடந்தார். பக்கத்து மிஷன் பெண்கள் பள்ளியை மூடியிருந்தார்கள். அதன் தலைமையாசிரியை எங்கள் தெருவில்தான் இருந்தார். டீச்சரம்மா என்போம். கல்யாணமாகாதவர், கண்டிப்பானவர். விடுதியின் பெரிய அண்டாக்களை அவர் கொடுத்தார். கொட்டகையில் அடுப்பு மூட்டினார்கள். என் மாமியாரும் டீச்சரம்மாவும் உடம்பில் தெம்பு இருந்த சில பெண்களும் கஞ்சி காய்ச்சினார்கள். இந்து வீட்டுக் கஞ்சியா, கிறிஸ்தவர் தொட்ட கஞ்சியா என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. ஆண்கள் குடத்தில் எடுத்துப்போய் ஒவ்வொரு கேட்டிலும் நின்று குரல் கொடுப்பார்கள். உள்ளேயிருந்து பதில் வந்தால் பாத்திரத்தில் ஊற்றிவிட்டு வருவார்கள். பதில் வராவிட்டால் மாமனார் உள்ளே போவார்.

ஞாயிற்றுக்கிழமைச் செய்தி தினச் செய்தியாயிற்று. இருட்டுவதற்கு முன்னால் மரத்தடியில் நின்று, எந்த வீட்டில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள், யாருக்கு மருந்து வேண்டும், யாருக்கு விட்டுவிட்டது, யார் போய்விட்டார் என்று சொல்வார். வந்து நிற்பவர்கள் குறைந்துபோனார்கள். அதனால் அவர் குரலை உயர்த்திச் சொல்ல ஆரம்பித்தார். சுற்றியிருந்த வீடுகளில் ஜன்னல்களைக் கொஞ்சம் திறந்து வைத்துக் கேட்டார்கள்.

ஒருநாள் டீச்சரம்மா அவரிடம், "ஐயா, போனவங்க பேரைச் சொல்லாதீங்க," என்றார். "படுக்கையில கெடக்கறவங்க ஜன்னல் வழியா கேட்டுட்டு இருக்காங்க. நேத்து ஒரு அம்மா, அடுத்தது எம் பேருதானேன்னு கேக்கறாங்க."

"சொல்லலன்னா, ஜனங்களுக்குத் தெரிய வேணாமா?"

"தெரியறப்போ தெரியட்டும். பொழைச்சவங்களைச் சொல்லுங்க. அது போதும்."

அவர் வெகுநேரம் யோசித்தார். ஹலசூர்ச் சந்தில் சாத்தியிருந்த அந்தக் கதவை நினைத்திருக்கலாம். பிறகு சரி என்றார். அன்றிலிருந்து காய்ச்சல் விட்டவர்களின் பெயர்களை மட்டுமே சொன்னார். பேக்கரிக்காரருக்கு விட்டுவிட்டது, எழுந்து உட்கார்ந்தார். போஸ்ட்மாஸ்டர் சம்சாரம் ரசஞ்சோறு சாப்பிட்டாள். சின்னச் சின்ன விஷயங்கள். கேட்பவர்கள் முகத்தில் அதனால் ஏதோ மாறியது உண்மைதான்.

மரகதத்துக்குக் காய்ச்சல் வந்தபோது குழந்தையை வேறு அறைக்கு மாற்றினார்கள். அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு நான் ஜன்னலோரம் முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். உதடு நீலமாகிக்கொண்டே வந்தது. ஒரு மத்தியானம் தண்ணீர் கேட்டாள். அவள் அம்மா, என் அத்தை, எடுத்துவரப் போனார். ஜன்னலுக்கு வெளியே ஒரு வண்டிக்காரன் மாட்டின் கழுத்துக்கயிற்றை அவிழ்க்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தான். அந்த முடிச்சும் அவன் விரல்களும் எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கின்றன. திரும்பிப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எவ்வளவு முயன்றாலும் நினைவுக்கு வருவதில்லை. அத்தை சொம்போடு வாசற்படியில் நின்றார். அழவில்லை. சொம்பை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போலச் சுற்றிலும் பார்த்தார்.

தூக்கிப் போக ஆள் சேர்ப்பதே பெரும் பேஜாராகிவிட்டது. முடித்துவிட்டுக் குளித்துத் திரும்பியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. மாமனார் ஈர வேட்டியை மாற்றிக்கொண்டு நேராக மரத்தடிக்குப் போனார். அவர் குரல் எங்கள் அறைவரை கேட்டது. தையல்காரர் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் விட்டுவிட்டது என்றார். வேறு மூன்று வீடுகளைச் சொன்னார். தன் வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கல்மனசு என்று பின்னால் சிலர் பேசியதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எனக்கு எதுவுமே தோன்றவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டேன். படு என்றால் படுத்தேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து அவர் என் அறைக்கு வந்து நின்றார். "மாப்ளே, குடம் தூக்க ஒரு ஆள் கொறையுது. வர்றீங்களா?" என்றார். தீட்டு, கருமாதி என்று பேச வீட்டில் யாருமில்லை. எழுந்து போனேன். நீளமான மூங்கிலில் குடத்தை மாட்டி, முன்னால் அவரும் பின்னால் நானுமாகத் தோளில் வைத்து நடந்தோம். அவர் முதுகைத்தான் நான் பார்த்துக்கொண்டு போவேன். கோட்டு இல்லாமல் பனியனோடு பார்த்தபோது அது எவ்வளவு ஒடுங்கிய முதுகு என்று தெரிந்தது. மரகதத்தைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஆனால் மற்றவர்கள் பேசினார்கள். போனவர்கள் பெயரை மரத்தடியில் சொல்வதில்லையே, அதனால் பாதிப் பேருக்கு அவள் போனதே தெரியாது. கேட்டுக்கு உள்ளேயிருந்து பாத்திரத்தை நீட்டியபடி கேட்பார்கள், "பொண்ணுக்குக் கொழந்தை பொறந்திருக்காமே ஐயா? தாயும் புள்ளையும் நல்லாருக்காங்களா?" என்று. முதல் தடவை கஞ்சி கொஞ்சம் கீழே சிந்தியது. "கொழந்தை நல்லாருக்கும்மா," என்றார். அடுத்த கேட்டிலும் அதே கேள்வி. அதற்கடுத்ததிலும் அதே கேள்வி. "கொழந்தை நல்லாருக்கு." கேட்டவர்கள் சந்தோஷப்பட்டார்கள். உங்க புண்ணியத்துக்கு ஒரு கொறையும் வராது என்று ஒரு கிழவர் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து கும்பிட்டார். மாமனாரும் பதிலுக்குக் கும்பிட்டார். நாங்கள் மூங்கிலைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

பிறகு குழந்தைக்கும் வந்தது. நெருப்பாய்ச் சுட்டது, ஆனால் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. டீச்சரம்மா எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். பஞ்சைப் பாலில் நனைத்து அதன் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருந்தார். நான் வாசலுக்கும் அறைக்கும் நடப்பேன். இதுவும் போய்விடும் என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்ததும் ஒரு மாதிரி நிம்மதிகூட வந்தது. ஆனால் ஒருநாள் விடியற்காலை குழந்தை வீறிட்டு அழுதது. டீச்சரம்மா வெளியே வந்து, "வேர்த்திருச்சு. பசிக்குதாம் அம்மணிக்கு," என்றார். சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்தக் கண்டிப்பான பெண்மணி அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அன்று சாயங்காலம் மரத்தடியில் வழக்கத்தைவிடக் கூட்டம் இருந்தது. காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருந்த நாட்கள். அத்தை அண்டாவின் பக்கத்தில் அகப்பையோடு நின்றார். நான் மூங்கிலைப் பிடித்தபடி கொட்டகை ஓரமாக நின்றேன். மாமனார் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். சாராயக்கடைத் தெரு மேஸ்திரி. ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன். பிறகு சற்று நின்றார்.

"எம் மக மரகதம்," என்றார். "காய்ச்சல் விட்டுடுச்சு. பால் குடிக்கிறா."

தெரியாதவர்கள் சந்தோஷமாக முணுமுணுத்தார்கள். எதிர்வீட்டு மாடி ஜன்னலிலிருந்து யாரோ கையைத் தட்டினார்கள். தெரிந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். எங்களோடு அவளைத் தூக்கிப் போனவர்களில் இருவர் எனக்கு எதிரில்தான் நின்றார்கள். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. டீச்சரம்மா ஒரு அடி முன்னால் வைத்து நின்றுவிட்டார்.

அப்போது அத்தை குரலைத் தூக்கிச் சொன்னார், "பேத்தியச் சொல்றாரு. பேத்திக்கு அவ அம்மா பேரைத்தான் வெச்சிருக்கு."

அதுவரை அப்படி ஒரு பேச்சு எங்கள் வீட்டில் எழுந்ததே இல்லை. மாமனார் திரும்பி அத்தையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "ஆமா, பேத்தி," என்றார். "நாளைக்குக் காலையில மருந்துப் புட்டி வேணுங்கறவங்க கொட்டகைக்கு வாங்க," என்று தொடர்ந்தார். அத்தோடு முடிந்தது.

ஊருக்கே சொல்லியாகிவிட்டது. என் அம்மா ஆரணியிலிருந்து வந்து, வழக்கத்தை எப்படி மாற்றலாம் என்று மனத்தாங்கல் பட்டபோதும் அத்தை அதைத்தான் சொன்னார், "ஜனங்க முன்னாடி சொல்லியாச்சு சம்பந்தி, இனிமே மாத்த முடியாது." குழந்தை மரகதமாகவே வளர்ந்தது. மாமனார் மட்டும் அவளை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. ஏய், இங்க வா என்பார். காய்ச்சல் காலம் முடிந்து சில மாதம் செய்தி சொன்னார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. அதற்கடுத்ததற்கும் போகவில்லை. யாரும் வற்புறுத்தவில்லை. என் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார்.

நான் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. துக்கத்தினால் என்று சொல்ல முடியாது. யாராவது பேச்சை எடுத்தால் கேட்டுக்கொண்டிருப்பேன். கொஞ்ச நாளில் பேச்சு தானாக நின்றுவிடும்.

இப்போது மறுபடியும் யுத்தம். கொட்டகை இருந்த இடத்தில் வாசகசாலை வந்துவிட்டது. பார்க்கில் ரேடியோ வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் அதைச் சுற்றி ஜனங்கள் நிற்கிறார்கள். எங்கெங்கோ இருக்கும் ஊர்களின் பெயர்களை அது சொல்கிறது. பக்கத்து வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது அதற்குத் தெரியாது. என் மகள் கல்யாணமாகிக் கோலார் தங்கவயலில் இருக்கிறாள். நான் பென்ஷன் வாங்கிக்கொண்டு என் மாமியாருக்குத் துணையாக அந்தப் பழைய வீட்டில்தான் இருக்கிறேன்.

போன மாதம் ஒருநாள், அவரைக் கைத்தாங்கலாகப் பார்க்குக்கு அழைத்துப்போய் உட்கார வைத்திருந்தேன். ரேடியோ முடிந்து கூட்டம் கலைந்தது. இத்தனை வருஷமாகக் கேட்காததை அன்று ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. "அத்தை, அன்னைக்கு மாமா கொழந்தையத்தான் சொன்னாரா?" என்றேன்.

என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை.

"எனக்கு எப்படித் தெரியும் மாப்ளே? அவர்கிட்ட நான் கேக்கலியே," என்றார். புடவைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார். "அவர் அப்படிச் சொன்னதும், ஒரு நிமிஷம், அவ பொழைச்சிட்டான்னு நானே நம்பிட்டேன். வீட்டுக்கு ஓடிப் போய்ப் பாக்கணும்னு காலெடுத்து வெச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது. காலெடுத்து வெச்சாச்சு, எல்லாரும் பாக்கறாங்க. வாய்ல வந்ததைச் சொன்னேன்."

பிறகு, பனி இறங்குது, போகலாம் என்றார். எழுப்பிக் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடத்திக் கூட்டிவந்தேன்.