கள்ளனுக்குக் குரைக்கவும் ஆமிக்குக் குரைக்காமலும் ஒரு நாய்

இந்த நாட்டில் நாய் எடுக்கப் போனால், நாங்கள் நாயைப் பார்ப்பதற்கு முன்னர் அவர்கள் எங்களைப் பார்க்கிறார்கள். கைவிடப்பட்ட மிருகங்களை வைத்துப் பராமரிக்கும் இடத்துக்கு டியர்ஹைம் என்று பெயர். அங்கிருந்து நான்கு பக்கப் படிவம் ஒன்று கொடுத்துவிட்டார்கள். என் மகள் ஆரணிக்கு ஒன்பது வயது. இங்கே, ஜெர்மனியில் பிறந்தவள். என்னுடைய எழுத்து வேலைகளை எல்லாம் அவள்தான் செய்து தருவாள். குசினி மேசையில் இருந்து ஒவ்வொரு கேள்வியையும் வாசித்துத் தமிழில் சொன்னாள். வீடு எத்தனையாம் மாடி? நாய் ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் தனியே இருக்கும்? ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வீர்கள்?

“அப்பா, உங்களுக்குக் கோவம் வந்தால் கத்துவீங்களோ?”

“ஆர் கேக்கினம்?”

“இதில கேட்டிருக்கு.”

“கோவம் வந்தால் அப்பா வாயே திறக்கமாட்டார் எண்டு எழுதம்மா,” என்றாள் என் மனைவி வதனி, அடுப்படியில் நின்றபடி. “கோவம் வராட்டிலும் அப்பிடித்தான் எண்டு பக்கத்தில எழுது.”

எங்கள் கல்யாணத்துக்குச் சாத்திரியார் பார்த்த பொருத்தத்தில்கூட இவ்வளவு விசாரணை இருக்கவில்லை. மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு கேள்வி இருந்தது. முன்னர் நாய் வளர்த்தது உண்டா, அந்த நாய்க்கு என்ன நடந்தது? வதனி தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். “அதை விடு,” என்றேன். ஆரணி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை நாய்களைப் பார்க்கப் போனோம். நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்த பிராவ் லோமன் என்ற பெண் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு கூட்டிலும் ஓர் அட்டை தொங்கியது. இது இடிக்குப் பயப்படும். இதற்குத் தொப்பி போட்ட ஆண்களைக் கண்டால் நடுக்கம். இதை வளர்த்தவர் இறந்துவிட்டார், கொஞ்ச நாளைக்குச் சாப்பிடாது. ஆரணி வாசித்துச் சொல்லச் சொல்ல நான் திகைத்துப்போய் நின்றேன். ஒரு நாயின் பயத்தை எழுதி மாட்டிவைத்து, அந்தப் பயத்துக்கு ஏற்ற வீட்டைத் தேடுகிற ஊரில் நான் பத்து வருடமாக இருக்கிறேன் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. ஆரணிக்கு ஒரு ஷேஃபர்ஹுண்டைப் பிடித்துவிட்டது. கொழும்பில் நாங்கள் அல்சேசன் என்று சொல்வோமே, அதுதான். பிராவ் லோமன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அந்தச் சாதி நாய்க்கு ஓட இடமும் செய்ய வேலையும் வேண்டும். மூன்றாம் மாடி, ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவும் அப்பா, அலுவலகங்கள் துப்புரவாக்கும் அம்மா, இந்த வாழ்க்கைக்குள் அது வாடிப்போகும். உங்களுக்குப் பொருந்தக்கூடியது இதுதான் என்று பென்னோ என்ற ஐந்து வயது நாயைக் காட்டினார். பாதி லாப்ரடோர். எதைக் கொடுத்தாலும் தின்னும். குரைப்பதே இல்லை.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எனக்கு விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து அவர் முழுவதையும் திரும்ப ஒருமுறை, மெதுவாக, செவிடனுக்குச் சொல்வதுபோல் சொன்னார். இப்படி ஒரு நாயைக் கொழும்பு முழுவதும் தேடிய ஒருவரை எனக்குத் தெரியும் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ரீச்சரின் வீடு இருந்தது. யாழ்ப்பாணத்தவர், படிப்பித்து ஓய்வுபெற்றுத் தனியாக இருந்தவர். பின்பக்க அறை ஒன்றில் நானும் வதனியும், மற்றதில் வதனியின் தம்பி தயாளனும் வாடகைக்கு இருந்தோம். நான் கொட்டாஞ்சேனையில் மிளகாய் அரைக்கும் ஆலைக்கு வேலைக்குப் போய்வந்தேன். தயாளன் வெளிநாடு போவதற்கு ஏஜென்சிக்காரனை நம்பிக் காத்திருந்தான். ஒருநாள் தண்டவாளப் பக்கத்து மதிலால் ஏறி வந்த கள்ளன் ரேடியோவையும் இரண்டு சேலையையும் கொண்டுபோய்விட, நாய் வளர்ப்பது என்று ரீச்சர் முடிவெடுத்தார். ஆங்கிலப் பத்திரிகையின் ஞாயிறு இதழில் எந்த வாழ்க்கைக்கு எந்தச் சாதி நாய் என்று ஒரு பக்கம் வந்திருந்தது. பின்னேரத் தேத்தண்ணியோடு அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். ஹெவ்லொக் டவுனில் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்படும் குடும்பம் ஒன்று தங்கள் அல்சேசனைச் சும்மா தருவதாகவும் சொல்லியிருந்தது.

“அதுக்கு நாளுக்கு ஒரு றாத்தல் இறைச்சி வேணுமாம். என்ர குசினிக்குள்ள முட்டைகூட வந்ததில்லை.”

“பொமரேனியன் எடுங்கோவன், ரீச்சர்,” என்றான் தயாளன்.

“அது காகம் பறந்தாலும் குலைக்கும். ஆமிக்காரன் வந்தால் விடுமே? எனக்கு வேண்டியது இதுதான். கள்ளனுக்குக் குலைக்கவேணும். ஆமிக்குக் குலைக்கக்கூடாது. சோறும் சொதியும் தின்னவேணும். அப்பிடி ஒரு சாதி இருக்கோ?”

“ஏன் இல்லை? வெள்ளவத்தை முழுக்க இருக்கு, ரீச்சர். அறைக்கு மூண்டாய் வாடகைக்குக் கிடக்குதுகள்.”

ரீச்சருக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது. அந்த வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் வேறொரு நாளும் பார்த்ததில்லை.

கடைசியில் சாதி ஒன்றும் இல்லாத மண்ணிறக் குட்டி ஒன்றை ஆலையின் சாக்குகளுக்குப் பின்னால் இருந்து எடுத்து, கடதாசிப் பெட்டிக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். ஜிம்மி என்று பெயர் வைத்தோம். தேங்காய்ப்பால் சொதியை நக்கி நக்கிக் குடித்தது. என் செருப்பின்மேல் தலையை வைத்துப் படுத்தது. மனிதரோடு கதைக்க எனக்குக் கூச்சம் அதிகம். வேலையால் வந்து ஜிம்மியோடு மட்டும் அன்றைக்கு நடந்தது எல்லாவற்றையும் சொல்வேன். ஒழுங்கை வாசலில் துவக்கோடு நின்ற ஆமிக்காரரை அது ஒருநாளும் கணக்கெடுத்ததில்லை. ரீச்சர் கேட்ட நாய் அதுதான் என்றே நம்பிவிட்டோம்.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை பின்னேரம் சுற்றிவளைப்பு நடந்தது, இராணுவத்தினர் ஒழுங்கையை அடைத்து வீடு வீடாகச் சோதனை செய்தார்கள். அடையாள அட்டையையும், கொழும்பில் தங்கும் தமிழர் வாங்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டையும் கையில் பிடித்துக்கொண்டு வீட்டு மண்டபத்தில் வரிசையாக நின்றோம். மேசைக்குக் கீழே கிடந்த ஜிம்மி குரைக்கத் தொடங்கியது. நிறுத்தச் சொன்னார்கள். நான் குனிந்து கழுத்துப் பட்டியைப் பிடித்தேன். பட்டி கையை விட்டு வழுக்கிவிட்டது. அது பாய்ந்துபோய் ஆமிக்காரன் ஒருவனின் காற்சட்டையைக் கவ்வியது. அவன் நாயை அடிக்கவில்லை. காலை உதறிவிட்டு, வரிசையை ஒருதரம் பார்த்து, தயாளனை நோக்கி விரலை நீட்டி, “வரென்,” என்றான். ‘வாடா’ என்பதற்குச் சிங்களத்தில் அதுதான் சொல். இரண்டு நாள் கழித்துத் தயாளன் திரும்பி வந்தபோது அவனுடைய இடது காது கேட்கவில்லை. “அத்தான், நாயில பிழையில்லை,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டான். அடுத்த நாள் காலை ரீச்சர் அறைக் கதவைத் திறக்காமலே கதைத்தார். “தம்பி, அதை எங்கையாவது கொண்டுபோய் விட்டிட்டு வாங்கோ. நான் பாக்கக்கூடாது.”

நாய் தருவதற்கு முன்னர் இங்கே ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். பிராவ் லோமன் வருகிறார் என்றதும் நான் செய்ததை வெள்ளவத்தையில் இருந்து இதை வாசிப்பவர்கள் விளங்கிக்கொள்வார்கள். வதிவிட அனுமதி, வீட்டு ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, ஆரணியின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவைத்தேன். வதனி எறியாமல் வைத்திருந்த பழைய பொலிஸ் பதிவுத் துண்டும் அதற்குள் கிடந்தது. மணி அடித்ததும் நானும் வதனியும் எங்களை அறியாமலே சுவரோரமாகப் போய் நின்றோம். உள்ளே வந்தவர் எங்களையும் மேசையையும் மாறிமாறிப் பார்த்தார். எங்களுக்கு விசாவில் ஏதோ சிக்கல், உதவி கேட்கிறோம் என்று நினைத்துவிட்டார் பாவம். தனக்கு அந்த விஷயம் தெரியாது என்று சொல்லி, விசாரிக்கக்கூடிய அலுவலகம் ஒன்றின் பெயரைத் துண்டில் எழுதித் தந்தார்.

“அப்பா, அவ பொலிஸ் இல்லை. பென்னோ எங்க படுக்கும் எண்டு பாக்க வந்தவ,” என்றாள் ஆரணி. வெட்கத்தால் அவள் முகம் சிவந்திருந்தது.

பல்கனியின் கம்பி இடைவெளியை அளந்தார். படிகளை எண்ணினார். எல்லாம் சரி என்றார். தேத்தண்ணி குடித்துக்கொண்டு படிவத்தைப் புரட்டியவர் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டார். பேனையை எடுத்துக்கொண்டு ஆரணியிடம் கேட்டார்.

“முந்தி வச்சிருந்த நாய்க்கு என்ன நடந்தது எண்டு கேக்கிறா. அது தெரியாமல் தரமாட்டினமாம்.”

நாய் வளர்க்கவில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஆரணிக்கு பென்னோ கிடைத்துவிடும். என்னால் முடியவில்லை. வதனியைத் தவிர வேறு ஒருவருக்கும் சொல்லாததைத் தமிழில், தலையைக் குனிந்தபடி, சொல்லத் தொடங்கினேன்.

ஓட்டோக்காரன் ஜிம்மியையும் பேக்கரியில் வாங்கி என் கையில் வைத்திருந்த பாணையும் பார்த்துவிட்டு, “பன்சலட்டத, அய்யே?” என்று கேட்டான். புத்த விகாரைக்கா, அண்ணே, என்று அர்த்தம். வேண்டாத நாயை விகாரையில் கொண்டுபோய் விடுவது கொழும்பில் வழக்கம். பூ வைக்க வருகிறவர்கள் சோறு போடுவார்கள். விகாரை இருக்கும் களனிக்குப் போகும் வழியில் சோதனைச்சாவடியில் மறித்தார்கள். துவக்கு வைத்திருந்த ஒரு பொடியன் தலையை உள்ளே நீட்டினான். நான் இரண்டு கையாலும் ஜிம்மியின் வாயைப் பொத்திப் பிடித்தேன். கையை எடுக்கச் சொன்னான். எடுத்தேன். சட்டைப் பையில் இருந்து பாதி பிஸ்கட்டை எடுத்து நீட்டினான். ஜிம்மி அதைத் தின்றது. அவனுடைய உள்ளங்கையை நக்கியது. வாலை ஆட்டியது. ஒரு சத்தம் இல்லை. “ஹொந்த பல்லா,” நல்ல நாய் என்று சொல்லி, என் அடையாள அட்டையைக்கூடப் பார்க்காமல் விட்டான். அந்த இடத்திலேயே ஓட்டோவைத் திருப்பச் சொல்லியிருக்கலாம். தயாளனின் காதும் ரீச்சரின் பூட்டிய கதவும் நினைவுக்கு வந்தன. ஓட்டோ விகாரை வாசலில் போய் நின்றது. விகாரைப் படியில் பாணைப் பிய்த்து வைத்தேன். அது குனிந்ததும் ஓடிவந்து ஏறிக்கொண்டேன். “பவ், அய்யே,” பாவம் என்றான் ஓட்டோக்காரன். நான் இறங்குவேனோ என்று கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட்டான். நான் திரும்பிப் பார்த்தேன். ஜிம்மி பாணைத் தின்னவில்லை.

சொல்லி முடித்தபோது என் சேட்டு நனைந்திருந்தது. ஆரணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிராவ் லோமன் பேனையோடு காத்திருந்தார். ஆரணி அவர் பக்கம் திரும்பி, முதுகை நிமிர்த்தி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் ஒரே ஒரு வசனம் சொன்னாள். “எர் இஸ்ட் கெஷ்டோர்பன்.” செத்துவிட்டது. எங்கள் ஹோட்டலின் பழைய சமையற்காரர் இறந்தபோது கேட்ட சொல் அது. எனக்கு நன்றாகத் தெரியும். இவ்வளவு நேரம் கதைத்ததற்கு இவ்வளவுதானா என்று பிராவ் லோமன் ஐமிச்சப்பட்டிருக்க வேண்டும், இன்னும் ஏதோ கேட்டார். வயது போய் நித்திரையில் செத்தது, அப்பா அதைப் பற்றிக் கதைத்தால் அழுவார் என்றாள்.

சுற்றிவளைப்பு என்ற சொல்லைக்கூட நாங்கள் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. கேட்ட கேள்விக்குமேல் ஒரு சொல் இல்லை, குரலில் நடுக்கம் இல்லை, கேட்கிறவருக்கு எது வேண்டுமோ அது மட்டும். வெள்ளவத்தை மண்டபத்தில் நாங்கள் வரிசையில் நின்று சொன்ன பதில்களை, இங்கே டோர்ட்முண்டில் பிறந்த என் பிள்ளை என்னைவிட நன்றாகச் சொல்கிறாள். குசினி வாசலில் நின்ற வதனி வாயைப் பொத்திக்கொண்டாள். இல்லை, பொய், நான் கொண்டுபோய் விட்டேன் என்று சொல்வதற்கு எனக்கு ஜெர்மன் சொற்கள் இருந்தன. ஆரணி என் பக்கம் திரும்பவே இல்லை. மேசைக்குக் கீழே அவளுடைய கை மட்டும் என் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தது. பிராவ் லோமன் எழுந்து வந்து என் கையைப் பிடித்து, “மைன் பைலைட்,” என்றார். செத்த வீட்டில் சொல்லும் வார்த்தை. அவருடைய கண் கலங்கியிருந்தது. பிறகு வெறுமையாக இருந்த இடத்தை நிரப்பி, அடியில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

அந்தத் தாள் இப்போது இங்கே எங்கோ ஓர் அலுமாரியில் இருக்கும். அதன்படி ஜிம்மி முதுமையால், நித்திரையில், கவலைப்பட ஆட்கள் சுற்றியிருக்க இறந்துபோனது. களனியில், வெள்ளைச் சேலைகளும் பூத்தட்டுகளும் ஏறி இறங்கும் படியில், அது இன்னும் பாணைத் தொடாமல் நான் போன பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.