மூன்று முறை கூப்பிடுகிறவர்

அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்து, தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் கப்பல் பேச்சு வந்தது. ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு பேரும் இருந்தோம். என் கணவர் அத்னான் கைபேசியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நீட்டி, நான்கு பேருக்கும் பதிவு செய்துவிட்டேன் என்றார். சனிக்கிழமை சாயங்காலம் நம் துறைமுகத்திலேயே ஏறலாம். ஒரு ராத்திரி கடலில். மறுநாள் காலையில் அதே இடத்தில் இறங்கிவிடலாம். விளம்பரத்தில் ‘எழில் கொஞ்சும் விரிகுடாவில் ஓர் இரவு’ என்று போட்டிருந்தது.

மாமனார் பக்ருதீன் அந்த வரியை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். "இன்னாடா விரிகுடா? நம்ம கடல்தானே?" என்றார்.

"நம்ம கடல்தான் அத்தா. கரையிலேர்ந்து பாத்தா கலீஜா கீது. கப்பல்லேர்ந்து பாத்தா சோக்கா இருக்கும்."

மாமியார் ஷம்ஷாத் சிரிக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "நானும் அவரும் ஒரே ரூமா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. உங்களுக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணு. பக்கத்துப் பக்கத்துல."

"ரூமுக்கு ஜன்னல் கீதா?" என்றார் மாமனார்.

"கீது அத்தா."

"தொறக்கலாமா?"

"தொறக்கலாம்."

என் முகத்தைப் பார்க்காமலே அத்னான் சொன்னார். ‘உள்பக்க அறை, ஜன்னல் இல்லை’ என்று டிக்கெட்டில் ஆங்கிலத்தில் இருந்ததை நான் படித்திருந்தேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. கைபேசியில் அறையின் படம் இருந்தது. வெள்ளைக் கட்டில், அதன் மேல் அன்னம் மாதிரி மடித்து வைத்த துண்டு. மாமனார் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மாமியாரைப் பார்த்தார்.

"செரி, போலாம்" என்றார்.

அதைக் கேட்பதற்கு மாமியார் பதினாறு வருஷம் காத்திருந்தார்.

மாமனாருக்கு இப்போது அறுபத்தொரு வயது. உழைத்த காலமெல்லாம் துறைமுகத்தில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் மேல் ஆளாக இருந்தார். மேல் ஆள் என்றால் மேலதிகாரி இல்லை. கப்பலின் சரக்கறைக்குள் ஆட்கள் ஏணியில் இறங்கும்போது அதன் வாய்ப்பக்கம் மேலே நிற்கிறவர். சில நிமிஷத்துக்கு ஒரு தடவை கீழே இருக்கிற ஒவ்வொருவரையும் அவரவர் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கீழே இருப்பவர், இருக்கிறேன் என்பதற்கு, "கீறேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் குரல் வராவிட்டால் மணியை அடித்து, மூச்சுக்கருவி வைத்திருப்பவர்களை வரவழைக்க வேண்டும். மேல் ஆள் மட்டும் என்ன ஆனாலும் இறங்கக் கூடாது. அவர் இறங்கிவிட்டால் அவரைக் கூப்பிட ஆள் கிடையாது.

பதினாறு வருஷத்துக்கு முன்னால், பழைய இரும்புத் துண்டுகள் ஏற்றி வந்த ஒரு கப்பலில் வெற்றி, அருள்பிரகாசம் என்று இரண்டு பேர் இறங்கினார்கள். இரண்டு பேரும் தோஸ்துகள், வியாசர்பாடியில் ஒரே தெரு. துருப்பிடிக்கிற இரும்பு, மூடிய அறையில் இருக்கும் காற்றைத் தின்றுவிடுமாம். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தலை சுற்றுகிறது என்று வெற்றி உட்கார்ந்துவிட்டார். மேலே தெரிந்தால் மாமனார் வைது ஏற்றிவிடுவார் என்று, வெற்றியின் பெயரைக் கூப்பிட்டபோது அருள்பிரகாசமே குரலை மாற்றிக்கொண்டு "கீறேன்" என்றார். ஒருவருக்காக இன்னொருவர் அப்படிச் சொல்வது அந்தக் கூட்டத்தில் வழக்கமான விளையாட்டு. அடுத்த தடவை கூப்பிட்டபோது இரண்டு பெயருக்கும் பதில் இல்லை. அருள்பிரகாசத்தை மட்டும் உயிரோடு எடுத்தார்கள்.

அது வெற்றியின் குரல் இல்லை என்று மாமனாருக்கு அப்போதே தெரிந்ததாம். விளையாட்டுதானே என்று விட்டுவிட்டாராம். இதை எனக்குச் சொன்னது மாமியார். மாமனார் ஒருநாளும் அதைப் பேசியதில்லை.

அதற்குப் பிறகு அவர் கதவு சாத்திய அறையில் படுக்கவில்லை. தெருக்கதவைத் திறந்து வைத்து, கூடத்தில் அதன் ஓரமாகப் பாயைப் போட்டுக்கொள்வார். கொசுவைப் பற்றியோ தெரு நாயைப் பற்றியோ கவலையில்லை. குளிக்கும்போதுகூடக் கதவு பாதி திறந்துதான் இருக்கும். யாரும் வந்துவிடாமல் இருக்கச் சத்தமாகப் பாடிக்கொண்டு குளிப்பார். மாமியார் உள்ளறையில் தனியாகப் படுப்பார்.

ராத்திரி இஷா தொழுகை முடிந்து வந்ததும் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். "ஷம்ஷாத்?" என்றால் "கீறேன்." "அத்னான்?" என்றால் "கீறேன் அத்தா." புளியந்தோப்பில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் ஃபராவைக் கைபேசியில் கூப்பிடுவார். ஒருநாள் ஃபரா வேலை மும்முரத்தில் "கீறேன்" என்று பதிவு செய்து அனுப்பிவிட்டாள். "அது எப்போ சொன்னதோ" என்று, அவள் நேரடியாகப் பேசும் வரை அவர் பாயை விரிக்கவில்லை.

நான் கல்யாணமாகி வந்த முதல் வாரம், எங்கள் அறை வாசலில் நின்று "நவ்ரீன்?" என்றார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அத்னான்தான் "கீறா அத்தா" என்றார். வாசலில் நின்றவர் நகரவில்லை. பள்ளியில் நான் தமிழும் ஆங்கிலமும் படித்தேன். இரண்டிலும், குரல் கடைசி பெஞ்சுக்கு எட்டாத பெண் என்றுதான் பெயர் வாங்கினேன். "இருக்கேன் மாமு" என்றேன். "இன்னாம்மா, கொசு கணக்கா கீதே உன் கொரல்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை கப்பலில் ஏறினோம். எங்கள் அறைகள் நான்காவது தளத்தில் இருந்தன. மாமனாரின் அறைச் சுவரில் அழகான நீலத்திரை தொங்கியது. அவர் நேராகப் போய் அதை விலக்கினார். பின்னால் வெறும் சுவர். விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்த்து, "தகடு" என்று மட்டும் சொன்னார். நடைபாதைக்கு வந்துவிட்டார். அவர் கையை எடுத்ததும் கனமான கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கு அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். ஒரு நாற்காலியை வைத்துக் கதவைத் திறந்தே நிறுத்தப் பார்த்தார். தீ விபத்து விதி என்று பணியாளர் வந்து எடுத்துவிட்டார்.

உள்ளே மாமியார் துண்டு அன்னத்தை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் வந்து உட்காரச் சொன்னார். அப்பால வரேன் என்று மாமனார் மேல்தளத்துக்குப் போய்விட்டார்.

காசிமேட்டுப் படகுகள், திருவொற்றியூர்க் கரை, எண்ணூர்ப் புகைபோக்கிகள் எல்லாம் ஒவ்வொன்றாகச் சின்னதாகிப் போயின. இருட்டிய பிறகு கடல் புரண்டது. சாப்பிட்டது எனக்கு வயிற்றில் நிற்கவில்லை. அத்னான் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்றேன். என் குரல் அவருக்கு எட்டியதா என்று நின்று பார்க்கவில்லை. கைபேசி சார்ஜில் கிடந்தது. குளியலறை விளக்கும் காற்றாடியும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றையும் நான் அணைக்கவில்லை.

நடைபாதைக் கோடியில் கண்ணாடி பதித்த இரும்புக் கதவு இருந்தது. அதைத் தள்ளினால் வெளியே குறுகலான ஒரு தளம். தலைக்கு மேல் உயிர்காப்புப் படகுகள் தொங்கின. ஒரு பெரிய பெட்டிக்குப் பின்னால் காற்றுக்கு மறைவாக உட்கார்ந்து, முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். அப்படியே எவ்வளவு நேரம் இருந்தேனோ, மழை பிடித்தது. எழுந்து போய்க் கைப்பிடியைத் திருப்பினேன். திரும்பவில்லை. காற்று பலமாக இருப்பதால் கீழ்த்தளங்களின் வெளிக்கதவுகளைப் பூட்டுகிறோம் என்று உள்ளே அறிவித்தார்களாம். பெட்டிக்குப் பின்னால் இருந்த என்னைப் பூட்ட வந்தவர் பார்க்கவில்லை.

கண்ணாடி வழியாகச் சிவப்புக் கம்பளம் தெரிந்தது. ஓர் அறை வாசலில் யாரோ சாப்பிட்டு வைத்த தட்டு இருந்தது. ஆள் இல்லை. தட்டினேன். எங்கிருந்தோ வந்த பாட்டுச் சத்தத்தில் நான் தட்டியது எனக்கே கேட்கவில்லை. கப்பல் சாய்ந்தபோது தரையில் இருந்த தண்ணீரெல்லாம் என் காலைத் தாண்டிக் கம்பிக்கு அடியில் ஓடியது. கம்பி என் இடுப்பு உயரம்தான். அதற்கு அந்தப் பக்கம் கறுப்பு. கரை விளக்கு ஒன்றுகூட இல்லை. கதவுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கத்த வேண்டும் என்று தெரிந்தது. யாராவது இருக்கீங்களா என்று வாய்க்குள்ளேயே சொன்னேன்.

இஷா நேரம் ஆகியிருக்கும், மாமு கூப்பிட வருவார் என்று நினைத்தேன். கொஞ்சம் தைரியம் வந்தது. உடனே அடுத்த நினைப்பும் வந்தது. எனக்காக அத்னான் பதில் சொல்லிவிடுவார்.

அப்படியேதான் நடந்திருக்கிறது. மாமனார் வாசலில் நின்று என்னைக் கூப்பிட, ரெண்டு பேரும் கீறோம் போய்ப் படு அத்தா என்று அத்னான் படுத்தபடியே சொல்லியிருக்கிறார். அவர் போகவில்லை. குளிச்சிகினு கீறா என்று அத்னான் மறுபடி சொல்ல, "அவ வாயால சொல்லட்டும்" என்றாராம் மாமனார். எரிச்சலோடு எழுந்து குளியலறைக் கதவைத் தட்டியபோதுதான் உள்ளே நான் இல்லை என்று அத்னானுக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கு அது எதுவும் தெரியாது. தலைக்கு மேல் எங்கோ, காற்றில் பாதி அறுந்து, "நவ்ரீன்" என்று கேட்டது. மாமனார்தான், திறந்திருந்த மேல்தளத்துக்குப் போய்க் கம்பியில் வயிற்றை அழுத்திக் கீழ்நோக்கிக் கூப்பிடுகிறார். "இருக்கேன் மாமு" என்றேன். காற்று அதை வாங்கிக்கொண்டு போய்விட்டது. இரண்டாவது தடவை கேட்டது. இன்னும் பலமாகச் சொன்னேன். அதுவும் போகவில்லை. மூன்றாவதுக்கும் பதில் இல்லாவிட்டால் அவர் எதை நினைப்பார் என்று எனக்குத் தெரியும். கடலைத்தான் நினைப்பார்.

மூன்றாவது தடவை கூப்பிட்டார்.

"கீறேன் மாமு! கீழ கீறேன்!"

அந்தக் குரல் எனக்குள் எங்கிருந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. தொண்டையில் ரத்தம் கசிந்த மாதிரி எரிந்தது. நிறுத்தாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன், உள்ளேயிருந்து கதவைத் திறக்கும் வரை.

அத்னான் அழுதுகொண்டிருந்தார். மாமனார் அழவில்லை, வையவும் இல்லை. தோளில் கிடந்த துண்டை என் தலையில் போட்டார்.

"ரெண்டாவதுக்கே ஏன் சொல்லல?"

"சொன்னேன் மாமு. உங்களுக்குக் கேக்கல."

"கேக்கலன்னா நீ சொல்லலன்னுதான் நான் எடுத்துப்பேன்" என்றார்.

அன்று ராத்திரி அவர் அறைக்குள் போகவே இல்லை. இரண்டு கதவுகளுக்கும் நடுவில், நடைபாதையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அத்னான் ஒவ்வொரு தடவையும் முணுமுணுக்காமல் எழுந்து தன் பதிலைச் சொன்னார். நானும் சொன்னேன். பக்கத்து அறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. அவரும் தூங்கவில்லை.

காலையில் கடல் தட்டையாக இருந்தது. எண்ணூர்ப் புகைபோக்கிகள் முதலில் தெரிந்தன. இன்னும் ஒரு மணி நேரத்தில் அறைகளைக் காலி செய்ய வேண்டும் என்று அறிவித்தார்கள். அத்னான் பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனார். நான் மாமியாரைப் பார்க்கப் போனேன். அறையில் இருந்த மின்கெண்டியில் தண்ணீர் வைத்து இரண்டு கோப்பை டீ போட்டு, ஒரு கோப்பையைச் சாசரால் மூடி வைத்திருந்தார்.

"ஒரு ராத்திரிதான் கேட்டேன். அதுவும் போச்சு" என்றார். "ஒரு டீயாச்சும் குடிச்சிட்டு வரட்டும். நான் கூப்புட மாட்டேன். நீயும் சொல்லாத."

நான் சொல்லவில்லை. வெளியே வந்தபோது மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து, அந்தக் கதவுக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. கதவுக் கைப்பிடியில் கையை வைத்தார், எடுத்தார். பிறகு என்னை அருகில் வரச் சொன்னார்.

"நேத்து உன் கொரல் மேல வரைக்கும் வந்துச்சில்ல. அந்தக் கொரல் வோணும் எனக்கு."

"எதுக்கு மாமு?"

"உள்ள போறேன். கதவு சாத்திக்கும். நீ இங்கியே நின்னுகினு என்னியக் கூப்புடு. உள்ள கீற உன் மாமி எனக்காகச் சொன்னா ஒத்துக்காத." கைப்பிடியை மறுபடி பிடித்துக்கொண்டார். "மாமுன்னு கூப்புடாத. இந்தக் கப்பல்ல எத்தினி மாமு கீறானோ. வெக்கப்படாம பேரச் சொல்லு. பக்ருதீன்னு கூப்புடு."