மில்லை நிறுத்திக் கேட்ட இஞ்சின்

கார் வாங்கப் போகிறோம் என்று முடிவானதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சின்ன கார்தான். ஏற்கெனவே யாரோ ஓட்டித் தேய்த்த கார்தான். இருந்தால் என்ன? எளாவூரில் எங்கள் தெருவில் சைக்கிள் வைத்திருந்தவர்களையே விரல் விட்டு எண்ணிவிடலாம். குழாயடியில் நான் குடத்தை வைத்த வேகத்தைப் பார்த்தே பக்கத்து வீட்டுக்காரி, "இன்னாடி, லாட்டரி கீட்டரி வுழுந்துச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் கல்கத்தா ரோட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். போனால் மாதக்கணக்கில் ஆள் வரமாட்டார். வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், தூங்குவார். அதற்குள் செக்போஸ்ட்டில் அடுத்த லோடு நிற்கும். எங்கள் பெண் அவரைப் பார்த்தால் என் புடவைக்குள் ஒளிந்துகொள்வாள், யாரோ வந்துவிட்ட மாதிரி. பெற்ற அப்பனைப் பார்த்துப் பிள்ளை ஒளிகிறதை எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது?

கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று நிலம் அளக்க ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்த சமயம். ஸ்டேஷனில் இறங்குகிற ஆபீசர்களுக்கு ஒரு வாடகைக் கார் கிடையாது. "ஒரு கார் இருந்தா லாரிய வுட்டுட்லாம்மே, சாய்ந்தரம் ஆனா ஊட்டுக்கு வந்துடலாம்" என்று ஒருநாள் அவர் வாயைத் திறந்து சொல்லிவிட்டார். விடுவேனா? அன்றிலிருந்து அதையே பிடித்துக்கொண்டேன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தோம். ஒரே ஒரு காருக்குத்தான் எங்களிடம் தெம்பு இருந்தது. வாங்கின காரில் இஞ்சின் சொத்தையாக இருந்துவிட்டால் அவர் மறுபடியும் கல்கத்தா ரோட்டுக்குத்தான் போகவேண்டும்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு ரைஸ்மில் முதலாளி தன் காரை விற்கிறார் என்று தெரிந்தது. அடுத்த லோடு கிளம்பும்வரை வீட்டில் இருந்த அந்த ஒரு வாரமும் இவர் எனக்குப் பாடம் எடுத்தார். "கார் வாங்கசொல்லோ இஞ்சின் ஆறிக் கெடக்கணும். ஜில்லுன்னு இருக்கசொல்லோ ஸ்டார்ட் பண்ணாத்தான் அதோட யோக்கியதை தெரியும். மேலருந்து டக்டக்னு சன்னமா வந்தா டாப்பெட்டு, அத்த சரி பண்ணிக்கலாம். அடியிலருந்து தொம்தொம்னு வந்துச்சு, பேரிங் போச்சுன்னு அர்த்தம். கும்பிடு போட்டுட்டு வந்துடணும்." நான் அரிசி களைந்துகொண்டே கேட்டேன். கேட்டு வைத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று.

இஞ்சின் சத்தம் எனக்கும் புதிதில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் குடியிருக்கிறவள் நான். செக்போஸ்ட்டை நோக்கி எத்தனை லாரி வந்தாலும் அதில் அவருடையது எது என்று காய் நறுக்கிக்கொண்டே சொல்லிவிடுவேன். கியர் மாற்றும்போது அவர் லாரிக்கு மட்டும் ஒரு இழுப்பு உண்டு. அதைக் கேட்டால் உலையில் இன்னொரு பிடி அரிசி போடுவேன். அப்படி ஓடி ஓடிச் செய்து என்ன பயன்? வந்து உட்கார்ந்த மனுஷனிடம் அடுப்படியில் இருந்து நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பேன், ஒரு பதில் வராது. "ஊட்டு மேல மனசு கீதா உனக்கு? கல்லு மாரி குந்திகினு கீறியே!" என்று நான் கத்திச் சண்டையில் முடியும்.

பெண்ணைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மில்லுக்குப் போய்ச் சேர்ந்தோம். களத்தில் பெண்கள் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். உள்ளே மில் ஓடுகிற சத்தத்தில் நிற்கிற தரையே அதிர்ந்தது. கார் வெள்ளையாக, துடைத்து, கண்ணாடி மினுங்க நின்றது. அடடா, என்ன அழகு! எனக்கு அப்போதே ஏறி உட்கார்ந்துவிடவேண்டும் போல் இருந்தது. இவருக்கோ கண்ணெல்லாம் கார்தான். ஒரு வாரப் பாடம் போன இடம் தெரியவில்லை.

"ரெண்டு நாளா யாரும் எடுக்கல நைனா. சாவியத் திருப்பு, பூனை மாரி ஓடும்" என்றார் முதலாளி. இவர் திருப்பினார். உடனே கிளம்பிவிட்டது. இவர் பானெட்டைத் தூக்கி, குனிந்து, தலையைச் சாய்த்துக் கேட்டார். "சத்தமே இல்லம்மே!" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

எனக்கு எங்கேயோ இடித்தது. இஞ்சினை நிறுத்தச் சொல்லி, அதன் மேல் கையை வைத்தேன். அய்யோ, தோசைக்கல் சூடு! "ரெண்டு நாளா எடுக்காத வண்டி இப்டித்தான் சுடுமா?" என்று கேட்டேன்.

"வெயில்லம்மா, வெயில்ல நிக்கிது."

"நிழல்லதான நிக்கிது?"

முதலாளி இவர் பக்கம் திரும்பினார். "இன்னா நைனா, பொஞ்சாதிய மெக்கானிக்கா இட்டுகினு வந்துக்கிறியா?"

வந்ததே எனக்குக் கோபம். "இஞ்சின் ஆறட்டும். ஆறினப்புறம் மறுபடி கேட்டுட்டுத்தான் போவோம்" என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். இவர், "வாம்மே, மானத்த வாங்காத" என்று கெஞ்சினார். நான் அசையவில்லை. வெயில் உச்சிக்கு ஏறி இறங்கியது. முதலாளி வேண்டாவெறுப்பாக டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீ நன்றாகத்தான் இருந்தது.

ஆறிய பிறகு பார்த்தால் மில் சத்தம் அப்படியே இருந்தது. அதில் என் குரலே எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. "மில்ல கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன்.

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னாது? ஒரு ஓட்டை காருக்காக மில்ல நிறுத்தணுமா?"

"அப்போ ஓட்டை கார்தானா?"

களத்தில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். "பூனை மாரி ஓடும்னு நீங்கதான சொன்னீங்க? பூனை கத்துறதைக் கேக்கணும்னா ஊடு அமைதியா இருக்கணும் இல்ல?" என்றேன். முதலாளி என்னையும் களத்துப் பெண்களையும் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி ஒரு அதட்டல் போட்டார். பெல்ட் மெல்ல மெல்ல ஓய்ந்து நின்றது. எவ்வளவு பெரிய அமைதி! காக்கை கத்துவது கேட்டது. துழாவுகிற கட்டையைப் போட்டுவிட்டுப் பெண்கள் எல்லாரும் காரைச் சுற்றி வந்து நின்றார்கள்.

இவர் சாவியைத் திருப்பினார். முக்கி முக்கிக் கிளம்பிய இஞ்சினில் இருந்து வந்தது பாருங்கள் ஒரு சத்தம், டக்டக்கா தொம்தொம்மா என்று எனக்குப் பிரிக்கத் தெரியாமல்!

"அடிக்குதே!" என்றேன். "ஆமா, அடிக்குது" என்றாள் சிரித்தவள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

இவர் மட்டும் குனிந்து, தலையைச் சாய்த்து, மறுபடி நிமிர்ந்து எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இன்னா சத்தம்? எங்க?" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. அவருக்குக் கேட்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன், குனியும்போதெல்லாம் இடது காதைத்தான் இஞ்சினுக்குக் கொடுத்தார். லாரி கேபினில் இஞ்சின் அவருக்கு இடது கைப் பக்கம், முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். இத்தனை வருஷமும் அந்தக் காதாலேயே இஞ்சினைக் கேட்டுப் பழகியவர். அந்தக் காதைத்தான் அந்த இஞ்சின் தின்றிருந்தது.

வெட்கமாவது ஒன்றாவது! அத்தனை பேர் முன்னிலையில் அவர் இரண்டு கன்னத்தையும் பிடித்துத் திருப்பி, வலது காதை இஞ்சினுக்குக் காட்டினேன். பெண்கள் ஓவென்று கத்தினார்கள். அவர் முகம் பளிச்சென்று ஆயிற்று. "ஏ! அடிக்குதும்மே! நல்லா அடிக்குது!" என்று குதித்தார். வாங்கப் போகிற காரில் கோளாறு இருக்கிறது என்று இப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

பிறகு அவர் வேலையை அவர் பார்த்தார். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை வாங்கி, நுனியை இஞ்சினின் மேலும் கீழும் வைத்து வைத்து, பிடியை வலது காதில் அழுத்திக் கேட்டார். நான் எல்லா சாமியையும் கூப்பிட்டேன். மேலா, அடியா? மேலா, அடியா? அவர் நிமிர்ந்தார்.

"மேலதான். அடி கெட்டியா கீது. டாப்பெட்டு!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. முதலாளிகூட மூச்சு விட்டார். பாவம், அவரும் பேரிங் என்று பயந்துதான் காலையிலேயே இஞ்சினைச் சூடு பண்ணி வைத்திருந்தாராம். டாப்பெட்டைச் சரிசெய்து கொடுப்பது அவர் பொறுப்பு என்று பேசி முடித்தோம். மில் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அந்த வாரமே கார் வீட்டுக்கு வந்தது. லாரியை அவர் விட்டுவிட்டார். முதல் நாள் என்னையும் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு எளாவூரைச் சுற்றினார். முன் சீட்டில் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து நான் என்னென்னவோ பேசிக்கொண்டே வந்தேன். பதில் இல்லை. வழக்கம்போல வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டேன். எங்கள் வீட்டில் அவர் சாப்பிட உட்காரும் இடத்துக்கு அடுப்படி இடது பக்கம்.

வண்டியை நிறுத்தச் சொன்னேன். இறங்கிச் சுற்றிப் போய், பின்சீட்டில் அவருக்கு நேர் பின்னால், ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். பெண் முன் சீட்டுக்குத் தாவினாள், அப்பா பக்கத்தில். அன்று முதல் அந்தக் காரில் என் இடம் அதுதான். முதலாளியம்மா கணக்காகப் பின்னால் குந்திகினு போறா பாரு என்று தெருவே பேசியது. பேசட்டும். நான் முன்னால் சாய்ந்து அவர் வலது காதில், "ராத்திரிக்கு இன்னா கொழம்பு வெக்கட்டும்?" என்று கேட்டேன்.

"மீன் கொழம்பு" என்றார், உடனே.