கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற கஸ்தூரி அக்கா

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, நான் சமையல் வேலை பார்க்கும் ஒரு வீட்டில் பிறந்தநாள் விருந்து. வெங்காய பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். கஸ்தூரி அக்காவின் மகள் தீபா போனில் அழைத்தாள். "சித்தி, அம்மா மதியம் சாப்ட்டுட்டுப் படுத்துச்சு. எந்திரிக்கவே இல்ல. டாக்டர் வந்து பார்த்துட்டு உயிர் போயிடுச்சுன்னு சொல்லிட்டாரு" என்றாள். வீட்டு அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "அய்யோ, அந்தச் சிரிச்சிட்டே இருக்கிற அம்மாவா?" என்று நெஞ்சில் கை வைத்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு வாணலியைப் பார்த்தார். "இந்த மாவை மட்டும் போட்டுக் குடுத்துட்டுப் போயிடறியா, சரளா?"

கஸ்தூரி அக்கா இதைக் கேட்டிருந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

எங்கள் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கும், நாங்கள் வீட்டு வேலைக்குப் போகும் அபார்ட்மெண்டில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், அங்கே குடியிருந்து தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆனால் ஆளுக்கொரு கஸ்தூரியைத்தான் தெரியும்.

எனக்குத் தெரிந்த கஸ்தூரியை முதலில் பார்த்தது மார்க்கெட்டில். கல்யாணமாகி ஆம்பூர் பக்கத்திலிருந்து, கன்னடம் பேசும் இந்த நகரத்தின் பிரேசர் டவுனுக்கு வந்த புதிது. கடைகட்டும் நேரத்தில் காய் மலிவாகக் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அடிபட்ட தக்காளியைத் தனியாகக் குவித்து வைத்திருந்தார் கடைக்காரர். நான் கை வைத்த அதே நேரத்தில் இன்னொரு கையும் அந்தக் குவியலில் விழுந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. கையை எடுத்துக்கொண்டேன். அந்தக் கைக்குச் சொந்தக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு இப்பிடி பயந்துக்கினு கைய எடுக்கற? திருடவா வந்தோம்? ஆளுக்குப் பாதி" என்றார். பிறகு கன்னடத்தில் கடைக்காரரோடு சண்டை, நடுவில் உருதுவில் ஒரு சமாதானம், கடைசியில் கொத்துமல்லி இனாம். வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தோம். அவர் வீடு என் வீட்டிலிருந்து மூன்றாவது கதவு.

அவருடைய கணவர் தீபா சின்னப் பெண்ணாக இருக்கும்போதே போய்விட்டார். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. அபார்ட்மெண்டில் சில வீடுகளில் பாத்திரமும் தரையும், ஒரு வீட்டில் சமையலும். மாதத்தின் முதல் பாதி ஓடிவிடும். பின் பாதியை அக்கா "மழைக்காலம்" என்பார். "மழைக்காலம் வந்தாச்சு, வெளிய தலைய நீட்டாதீங்க" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பார். அந்த நாட்களில் எல்லா வீட்டிலும் இருப்பதை ஒரே பானைக்குக் கொண்டுவருவதுதான் அவர் ஏற்பாடு. ஒரு வீட்டில் ரெண்டு கத்தரிக்காய், ஒரு வீட்டில் பூசணிக்கீற்று, ஒரு வீட்டில் வெறும் பெருங்காயம். யார் வீட்டில் கேஸ் மிச்சமிருக்கிறதோ அங்கே அடுப்பு. ரேஷன் ராகியைக் களியாகக் கிண்டி அந்தக் குழம்பைத் தொட்டுச் சாப்பிடுவோம். இதற்கு அக்கா வைத்த பெயர் விருந்து. பெருங்காயம் மட்டும் கொண்டுவந்தவளுக்குத்தான் முதல் தட்டு. "வாசனை அவளுது" என்பார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை மட்டும் அவர் எந்த மழைக்காலத்துக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒரு பொட்டலம் வாங்கி அம்மாவும் மகளும் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர் சமையல் செய்த வீட்டுக்காரருக்கு இது பெரிய உறுத்தல். நல்ல மனிதர்தான். ஒருநாள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பிரியாணியை விட்டால் வருஷத்துக்கு எவ்வளவு மிச்சமாகும், அதை எதில் போட்டால் எவ்வளவு வளரும் என்று விளக்கினார். அக்கா பொறுமையாகக் கேட்டார். "சார், நீங்க சொல்றத அப்பிடியே செஞ்சா எனக்கு வீடு வாங்க எத்தினி வருஷம் ஆவும்?" என்று கேட்டார். அவர் போனில் தட்டிப் பார்த்தார். தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "எந்தக் கடைல வாங்கற? நல்லா இருக்குமா?" என்றார். அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக்கும் சேர்த்து அக்காதான் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லும் அந்தக் கதைக்கு வருகிறேன். ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நான் கூடவே இருந்தவள்.

அபார்ட்மெண்ட் பெண்கள் சேர்ந்து "எளிமை வாரம்" என்று ஒன்று நடத்தினார்கள். ஏழைகள் எப்படி வாழ்கிறார்களோ அப்படி ஒரு வாரம் வாழ்ந்து பார்ப்பது. ஏசி இல்லை, கார் இல்லை, ஆர்டர் செய்து சாப்பிடுவது இல்லை. கண்ணாடி பாட்டிலில் அழகாக அடைத்த ராகி மாவு வாங்கினார்கள். அதன் விலையைப் பார்த்துவிட்டு அக்கா, "இவங்கள மாதிரி ஏழையா இருக்கற அளவுக்கு நமக்கு வசதி பத்தாது சரளா" என்றார்.

அந்த வாரத்தின் தொடக்க விழாவில் பேச அக்காவை அழைத்தார்கள். அபார்ட்மெண்ட் சங்கத்தின் செயலாளர் வசுந்தரா மேடம், சென்னைக்காரர். அக்கா தீபாவின் நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு போனார். மேடத்தின் முகம் சுருங்கியது. "கஸ்தூரி, டெய்லி வர்ற மாதிரியே வந்திருக்கலாமே. போட்டோல அதுதான் இயல்பா இருக்கும்" என்றார். "அது வேலைக்கு வர்ற புடவை மேடம். இது மேடைக்கு வர்ற புடவை. நீங்களும் நைட்டில வரலியே?" என்றார் அக்கா. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மேடமும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, "இவ்வளவு கம்மியா வெச்சுக்கிட்டு எப்படி இவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க?" என்று கேட்டார். அக்கா யோசித்தார். "சந்தோஷமா இருக்கேன்னு யார் சொன்னது? சிரிச்சிக்கினு இருக்கேன். அது வேற" என்றார். கை தட்டலாமா கூடாதா என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

வசுந்தரா மேடத்துக்கு அது எங்கோ தைத்திருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்கக் கஸ்தூரியோடு எல்லா வீட்டுக்கும் போய் வேலை செய்யப்போவதாகவும், சாயங்காலம் வரை தன் வீட்டுக்குள் நுழையப்போவதில்லை என்றும் எல்லோரும் பார்க்கும்படி வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிட்டார். அன்று எனக்கும் அதே மாடிகளில் வேலை. காலையில் மேடம் சரியான நேரத்துக்கு வந்தார். உண்மையாகவே தரை துடைத்தார். போன வீட்டிலெல்லாம் அவருக்கு நாற்காலி போட்டுப் பீங்கான் கோப்பையில் காபி தந்தார்கள். எங்களுக்கு, தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளர். அதை மேடம் கவனித்தார்.

காபிகளின் விளைவு நண்பகலில் தெரிந்தது. மேடம் அக்காவின் காதருகே வந்து, பாத்ரூம் போகவேண்டும் என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்காரர்கள் வீடுகளில் கழிப்பறையைப் பயன்படுத்தக்கூடாது என்பது அங்கே எழுதப்படாத சட்டம். குடியிருப்பவர்களின் பொதுக் கூடமான கிளப் ஹவுஸில் இருந்த கழிப்பறையையும் எங்களுக்குத் திறந்துவிடவில்லை. நாங்கள் கேட்டோம். அக்காதான் எல்லோர் சார்பாகவும் போய்க் கேட்டார். "அவங்க பழகிட்டாங்க, சமாளிச்சுப்பாங்க" என்று சங்கத்தில் முடிவு சொன்னவர் வசுந்தரா மேடமேதான். நாங்கள் சமாளித்த விதம், காலையில் தண்ணீர் குடிக்காமல் வருவது. அதனால் எனக்குச் சிறுநீரில் கிருமி சேர்ந்து காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். என்னைப் பார்க்க வந்த அக்கா அன்று மட்டும் சிரிக்கவில்லை. குளுக்கோஸ் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இத இப்பிடியே வுடக்கூடாது" என்றார்.

ஆக, மேடத்தை அழைத்துக்கொண்டு கிளப் ஹவுஸுக்குப் போனோம். காவலாளி எழுந்து சல்யூட் அடித்து, "நீங்க போங்க மேடம்" என்றார்.

"அது எப்பிடி?" என்றார் அக்கா. "இன்னிக்கு இவங்க மேடம் இல்ல. என்கூட வேலைக்கு வந்த ஆளு. எனக்குக் கிடையாதுன்னா இவங்களுக்கும் கிடையாது. இல்லன்னா ரெண்டு பேருக்கும் திற."

காவலாளி பாவம், யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தார். மேடம் நினைத்திருந்தால் அப்படியே உள்ளே போயிருக்கலாம். லிப்டில் ஏறித் தன் வீட்டுக்கும் போயிருக்கலாம். ஆனால் அவரும் வீம்புக்காரர். "கஸ்தூரி சொல்றது கரெக்ட். நீங்க எங்க போவீங்களோ அங்கயே போகலாம்" என்றார்.

"நாங்க போமாட்டோம் மேடம், அடக்கிக்குவோம். ரொம்ப முடியலன்னா மார்க்கெட் பக்கத்துல ஒண்ணு இருக்குது."

"எவ்வளவு தூரம்?"

"போம்போது தூரம். வரும்போது கிட்ட."

வெயிலில் மூன்று பேரும் நடந்தோம். மேடம் முதலில் வேகமாக நடந்தார், பிறகு மிக மெதுவாக, பிறகு மறுபடி மிக வேகமாக. மார்க்கெட் கழிப்பறையில் வரிசை. அக்கா வரிசைக்கு முன்னால் போய், "இவங்களுக்கு அவசரம்மா, புதுசு, பழக்கமில்ல" என்றார். நின்றிருந்த பெண்கள் வழிவிட்டார்கள். உள்ளே தாழ்ப்பாள் இல்லை. மேடம் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் செயலாளர் யாரும் இல்லை. "நீங்க போங்க, நான் கதவ பிடிச்சிக்கறேன். யாரும் வரமாட்டாங்க" என்றார் அக்கா. இரண்டு கைகளாலும் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு, உள்ளிருப்பவருக்குக் கூச்சமாக இருக்கக்கூடாது என்று என்னிடம் முருங்கைக்காய் விலையைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டே நின்றார்.

வெளியே வந்த மேடம் கை கழுவினார். முகமும் கழுவினார். "இதை ஏன் நீங்க முன்னாடியே சொல்லல?" என்றார்.

"சொன்னோமே மேடம்" என்றார் அக்கா. அவ்வளவுதான். குத்திக் காட்டவில்லை. வழியில் மேடத்துக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். மேடம் இளநீரைப் பயத்தோடு பார்க்க, அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேடத்துக்கும் வந்துவிட்டது. நடைபாதையில் மூன்று பேரும் நின்று சிரித்தோம்.

அதற்குப் பிறகு நடந்த சங்கக் கூட்டம் சுமுகமாக இல்லை என்று கேள்விப்பட்டோம். தண்ணீர் வீணாகும் என்றார்கள், இன்று இது கேட்டவர்கள் நாளை நீச்சல் குளம் கேட்பார்கள் என்றார்கள். மேடம் விடவில்லை. கிளப் ஹவுஸ் கழிப்பறை எங்களுக்குத் திறந்தது. அன்று நாங்கள் எல்லோரும் காலையிலேயே வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தோம். திறப்பு விழா போல வரிசையில் நின்று சிரித்ததை அங்கிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கொஞ்ச காலம் கழித்து, மேடம் ஏதோ ஒரு கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசிய வீடியோவைத் தீபா காட்டினாள். அதில் எல்லாவற்றையும் மேடமே கண்டுபிடித்திருந்தார். மார்க்கெட் இருந்தது, வெயில் இருந்தது, கஸ்தூரி என்ற பெயர் இல்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. அக்கா வீடியோவை இரண்டாம் தடவை ஓடவிட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் பேசறாங்க. கண்டுபுடிச்சேன்னா கண்டுபுடிச்சிக்கட்டும். பூட்டு திறந்துச்சா இல்லியா?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா அந்த இளநிய சொல்லியிருக்கலாம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவருக்கும் வலித்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

வசுந்தரா மேடம் சாவுக்கு வந்திருந்தார். எங்கள் லைனுக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றவரைத் தீபா பாயில் உட்கார வைத்தாள். யாரும் கேட்காமலே, "எனக்காகக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க" என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னார். திரும்ப ஒரு தடவை சொன்னார். அழுதார். என் கோபத்தில் பாதி அங்கே போய்விட்டது. மீதிப் பாதியை வைத்திருக்கிறேன். அதுவும் வேண்டியதுதான் என்று அக்காவே சொல்லியிருப்பார்.

புது வீட்டில் வேலை பேசும்போது கஸ்தூரி அக்கா சம்பளத்துக்கு முன்னால் ஒன்று கேட்பார்: "உங்க வீட்டுல நான் எந்த பாத்ரூம் போவணும்?" சிலர் திகைப்பார்கள், சிலர் கோபப்படுவார்கள், ஒரு வீட்டில் அப்படியே கதவைச் சாத்தினார்கள். "நல்லதாப் போச்சு, முதல் நாளே தெரிஞ்சிடுச்சு" என்று இறங்கி வந்துவிடுவார். அவர் பக்கத்தில் நின்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நானாக ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

போன வாரம் ஒரு புது வீட்டுக்குப் போனேன். கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் சின்ன வயசுத் தம்பதி, இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. அந்தப் பெண் சமையலறையைக் காட்டினாள், தங்களுக்கு என்னென்ன பிடிக்கும் என்று சொன்னாள். நான் அக்காவின் கேள்வியைக் கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். எனக்குத் தரையைப் பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை. "இது என்ன கேள்விங்க்கா? நாங்க போறதுதான். வேற எங்க போவீங்க?" என்றாள்.

கஸ்தூரி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியை. கேட்டுவிட்டு, பதில் வரும்வரை முகத்தைத் திருப்பாமல் நிற்பதையும்.