சிலிண்டருக்கு ஒரு தோல் வாஷர்

பக்கவாதத்தில் என் மனைவியின் இடது பக்கம் விழுந்த பிறகு, அவளைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற, ஆளைத் தூக்கும் மெஷின் ஒன்று வாங்கினோம். கைப்பிடியைப் பம்புபோல் அடித்தால் சிலிண்டருக்குள் எண்ணெய் ஏறும். கொக்கியில் மாட்டிய துணித் தொட்டில் அவளோடு மேலே வரும். போன மழைக்காலத்தில் அந்தச் சிலிண்டர் ஒழுக ஆரம்பித்தது. தூக்கிய ஆளைப் பாதியிலேயே மெல்ல இறக்கிவிடும்.

கம்பெனிக்காரர்கள் முழு சிலிண்டரையும் மாற்றச் சொன்னார்கள். எங்களுக்கு அது கட்டுப்படியாகாது. வேலூரில் ஏறி இறங்கிய கடை எதிலும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் அந்த அளவில் இல்லை. மெஷின் சரியாகும்வரை கட்டிலிலேயே அவளுக்கு உடம்பு துடைத்துவிட்டேன். நர்ஸாக எத்தனையோ பேருக்குத் துடைத்துவிட்டவள். தன் முறை வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாத்ரூம்ல உக்காந்து ரெண்டு சொம்பு தண்ணி ஊத்திக்கணுங்க. அவ்ளோதான்," என்றாள்.

நான் ஆம்பூர் ஷூ கம்பெனியில் பிரஸ் மெஷின்களைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக். லாரி தூக்கும் பழைய ஜாக்கிகளில் ரப்பருக்குப் பதில் தோல் வாஷர் இருந்தது எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் தோலுக்கா பஞ்சம்! கம்பெனி தோஸ்த் ஒருவனிடம் ஷூவின் மேல்பாகத்துக்கான முதல்தரத் தோல் கேட்டு வாங்கி வந்தேன். தொட்டால் அவ்வளவு மெத்து. வாஷர் வெட்டி மாட்டி, அரிசி மூட்டையைத் தொங்கவிட்டேன். முன்பைவிட வேகமாக இறங்கியது.

"பேசாம எனக்கு ஒரு ஷூ தச்சிருக்கலாம்," என்றாள்.

ஸ்பேனரை வீசி எறிந்தேன். அவள் மேல் கோபமில்லை, என் மேல்தான். மெத்தென்ற தோல் அழுத்தத்தில் இழுபடும் என்று இத்தனை வருடம் தோலோடு கிடந்தவனுக்குத் தெரிய வேண்டாமா? ஷூவின் அடிப்பாகத்துக்கான விறைப்பான தோலில் ஒரு துண்டு வாங்கினேன். தண்ணீரில் நனைத்து, கிண்ணம்போல் அழுத்திக் காயவைத்து, எண்ணெயில் ஊறப்போட்டு மாட்டினேன். இந்த முறை பகல் முழுக்க மூட்டை இம்மியும் இறங்கவில்லை.

தொட்டிலை அவளிடம் கொண்டுபோனேன்.

"மூட்டைக்கு இன்னா தெரியும்? முதல்ல நீங்க உக்காந்து பாருங்க," என்றாள்.

உட்கார்ந்தேன். கட்டிலில் சாய்ந்தபடியே வலது கையால் அவள் கைப்பிடியை அடித்தாள். கால் தரையை விட்டதும் இரண்டு கையாலும் துழாவினேன். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. இத்தனை மாதமாக அவளை இப்படித் தொங்கவிட்டு, நான் சிலிண்டரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"பயமா இருக்குதா?" என்றாள்.

"ஆமா. நீ ஏன் சொல்லவே இல்ல?"

"நீங்க மெஷினப் பாத்துக்கினு இருந்தீங்க," என்றாள். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது.

அன்று அவளைக் குளிக்கத் தூக்கும்போது, ஒரு கையால் அடித்துக்கொண்டே மறு கையால் அவள் இடது பாதத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அதுல ஒண்ணும் தெரியாதுங்க," என்றாள். "இந்தக் காலப் பிடிங்க."

மாற்றிப் பிடித்தேன்.